பெருவழியும் பெருவண்டியும்

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்கள் பல. ஆறு, நெறி, அதர், தெரு, மறுகு என அவை விரியும். நாடு கடந்து நாடு செல்லும் நெடிய வழிக்குப் 'பெருவழி' என்பது பெயர். கொங்கு நாட்டில் இராசகேசரிப் பெருவழியும், தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியும் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றன. அதியமான் பெருவழியில் நாட்டிய கல்லொன்று, நாவற்தாவளத்திற்கு 29 காதம் என்று தொலைவைச் சொல்லுகின்றது. அக்கல்லில் எழுத்தும் எண்ணும் இருப்பதோடு, பெருங்குழி இரண்டும் சிறுகுழி ஒன்பதும் குடைந்திருக்கின்றனர். எழுத்தறியாத வழிப்போக்கனும் குழிகளைத் தடவிப் பார்த்து, இன்னும் செல்ல வேண்டிய தொலைவை அறிந்துகொள்ளலாம். கல்லை நாட்டியவர்கள் வண்டியோட்டியையும் சுமை தூக்குவோனையும் மறக்கவில்லை என்பதற்கு அக்குழிகளே சான்று.

வழியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவ்வழியில் சென்றவரைப் பற்றியே எழுதுவர். வழியை வெட்டியவர், கல்லுடைத்தவர், மண் சுமந்தவர் ஆகியோர் வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஊர்தியின் வரலாறும் இத்தகையதே. நெடுந்தொலைவுப் பயணத்திற்கென அமெரிக்கர் செய்த பெரிய மோட்டார் சைக்கிளைப் பற்றி நூல்கள் பல உண்டு. அது உருண்டோடிய சாலையைப் பற்றி அந்நூல்களில் காணப்படுவது சிறிதே. சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸில் நின்று நோக்கினால் இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று தொடுவதைக் காணலாம்.

தீவின் வாயில்

தேக்காவிலிருந்து புக்கித் தீமா சாலை வழியே வடமேற்கே சென்று, பின் உட்லண்ட்ஸ் சாலையைப் பற்றினால், ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் நிலம் முடிந்து ஜொகூர் நீரிணை தோன்றும். அந்நீரிணைக்கு அப்பால் ஆசியப் பெருநிலம் தொடங்குகின்றது. ஆகவே தீவிலிருந்து தரைவழியே நெடும்பயணம் புறப்படும் எவர்க்கும் உட்லண்ட்ஸ் பன்னெடுங்காலம் ஒரே வாயிலாக இருந்தது. தீவின் மேற்கே துவாஸில் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது 1998-இல் தான்.

1903-ஆம் ஆண்டு இவ்வாயிலின் வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் சிங்கப்பூரில் புகைவண்டி புக்கித் தீமா வரை ஓடத் தொடங்கிற்று. ஏப்ரல் 10-ஆம் நாள் உட்லண்ட்ஸ் வரை வந்து சேர்ந்தது. அங்கிருந்து பயணிகள் படகேறி ஜொகூர் பாரு சென்றனர். 1909-இல் ஜொகூர் இருப்புப்பாதை முற்றுப்பெற்ற பின்னும், சரக்குப் பெட்டிகளைத் தோணிகளில் ஏற்றியே நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது. ரப்பர் விளைச்சல் பெருகப் பெருகத் தோணிகள் அச்சுமையைத் தாங்காவாயின.

எனவே நீரிணையின் குறுக்கே கல்லைக் கொட்டி அணை போன்ற வழியொன்று அமைக்கப் பிரித்தானிய அரசு முடிவு செய்தது. 1919-இல் வேலை தொடங்கியது. புலாவ் உபின் தீவிலிருந்தும் புக்கித் தீமாவிலிருந்தும் கருங்கல் வெட்டிக் கொண்டுவரப்பட்டது. 2,000-க்கும் மேற்பட்டோர் அப்பணியில் உழைத்தனர். 1923 செப்டம்பரில் சரக்கு வண்டிகளும், அக்டோபரில் பயணி வண்டிகளும் அதன்மேல் ஓடின. 1924 ஜூன் 28-ஆம் நாள் ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்டும் ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் கூடிய விழாவில் அது முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அகலம் 60 அடி. இரண்டு இருப்புப்பாதைகளும் அவற்றின் பக்கத்தே மோட்டார் வண்டிச் சாலையும் அதன்மேல் அமைந்தன. மலாய் மொழியில் இதனைத் 'தம்பாக் ஜொகூர்' என்பர். தம்பாக் என்பது மண்ணும் கல்லும் இட்டு நிரப்பிய கரையைக் குறிக்கும் சொல். தமிழர் கடற்பாலம் என்றனர். உண்மையில் அது பாலத்தினும் கரைக்கே நெருங்கியது.

சடக்கு

கடற்பாலத்தின் மறுமுனையில் தொடங்கும் சாலை சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ எனச் சென்று தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கித் காயு ஹீத்தாம் வரை 800 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றது. மலாயாத் தமிழர் இத்தகைய சாலையைச் 'சடக்கு' என்றனர். தமிழகத்தார் செவிக்குப் புதிதான இச்சொல், மலேசிய மூத்தோர் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கின்றது. தோட்டத்து மண்பாதையிலிருந்து தார் போட்ட பெருஞ்சாலையை வேறுபடுத்த அவர்களுக்கு இச்சொல் வேண்டியிருந்தது. அச்சாலைக்குக் கல்லுடைத்துத் தார் ஊற்றியவர்களும் அவர்களே அல்லவா!

மலாயாவின் இருப்புப்பாதையிலும் பொதுப்பணித்துறையின் சாலை வேலையிலும் தமிழ்த் தொழிலாளரே பெரும்பகுதியினராக இருந்தனர். முதலில் வந்தோர் ஒப்பந்தத்திற்குக் கட்டுண்ட சஞ்சிக்கூலிகள். 1910-இல் அம்முறை நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை அதன் பின்னும் தொடர்ந்து, 1938-இல் இந்திய அரசு விதித்த தடையால் முடிவுற்றது. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, ஆள் கொண்டுவரும் கப்பற் செலவை முதலாளிமாரிடம் வரியாகப் பெற்றுச் செலவிட்டது. 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. பொருளாதாரச் சரிவு வந்ததும் அதுவும் குறைந்தது. மோட்டார் வண்டி அவர்கள் கண்ணுக்குப் புதிதாக இருந்ததில்லை. கைக்கு எட்டியதுதான் இல்லை. தாம் செப்பனிட்ட சாலையில் அவர்கள் நடந்தே சென்றனர்.

மில்வாக்கியில் பிறந்த வண்டி

உட்லண்ட்ஸுக்குப் புகைவண்டி வந்த அதே 1903-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வில்லியம் ஹார்லியும் டேவிட்சன் உடன்பிறந்தாரும் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1901-இல், ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜார்ஜ் ஹெண்டியும் ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராமும் 'இந்தியன்' என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியிருந்தனர். நெடும்பயண வண்டி என்னும் வகை வளர்ந்தது இவ்விரு நிறுவனங்களின் போட்டியால் எனலாம்.

அமெரிக்க வண்டி பருத்ததற்குக் காரணம் அந்நாட்டின் நிலப்பரப்பே. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்ல ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். ஊர்களுக்கிடையே தொலைவு மிகுதி, சாலைகள் நேரானவை. இங்கிலாந்தின் வளைந்த குறுஞ்சாலைகளுக்கு இலேசான வண்டி ஏற்றது; அமெரிக்கச் சமவெளிக்கோ, குறைந்த சுழற்சியில் நாள் முழுதும் களைப்பின்றி இழுக்கும் எஞ்சின் வேண்டும். அதற்கெனவே 45 பாகைக் கோணத்தில் சாய்ந்த இரு சிலிண்டர் எஞ்சின் நிலைபெற்றது. இரண்டு பிஸ்டன்களின் தண்டுகளும் ஒரே கிராங்க் பின்னில் இணைந்திருப்பதால், ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒத்திராது. ஒன்று 315 பாகை, மற்றொன்று 405 பாகை. அவ்வண்டி தாளம் தவறியது போல் ஒலிப்பது இதனால்தான்.

நெடும்பயண வண்டி ஒரே நாளில் உருவானதன்று. 1936-இல் ஹார்லி நிறுவனம் மேல்வால்வு எஞ்சினைக் கொணர்ந்தது. 1949-இல் முன்சக்கரத்திற்கு எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிக் கவை வந்தது. வண்டியும் ஹைட்ரா கிளைடு எனப் பெயர் பெற்றது. 1952-இல் கையால் கியர் மாற்றும் பழைய முறைக்கு மாற்றாகக் காலால் மாற்றும் முறை வந்தது. 1958-இல் பின்சக்கரத்திற்கும் அதிர்வு தாங்கி அமைந்து டுயோ கிளைடு ஆயிற்று. 1965-இல் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் பொறி சேர்ந்தபோது எலெக்ட்ரா கிளைடு பிறந்தது. ஏறத்தாழ 1,200 சிசி எஞ்சினைக் கிக்கரால் உதைத்துக் கிளப்ப வலிய கால் வேண்டும். பொத்தானை அழுத்தினால் போதும் என்றான பின், வயது முதிர்ந்தோரும் நெடும்பயணம் மேற்கொள்ளலாயினர். பக்கப் பெட்டிகள், காற்றுத் தடுப்புக் கண்ணாடி, அகன்ற இருக்கை, கால் வைக்கும் தட்டு என எல்லாம் கூடிய அவ்வண்டியின் எடை ஏறத்தாழ 350 கிலோகிராம்.

இங்கும் சாலையே வண்டியை வளர்த்தது என்பதை நோக்க வேண்டும். 1956-இல் அமெரிக்க அரசு 41,000 மைல் நெடுஞ்சாலை அமைக்கச் சட்டம் இயற்றிற்று. அச்சாலைகள் நீண்ட பத்தாண்டில்தான் நெடும்பயண வண்டியும் முழுவடிவம் பெற்றது.

'இந்தியன்' என்னும் பெயர்

ஸ்பிரிங்பீல்டு நிறுவனத்தின் பெயர் தமிழ் வாசகரை மயக்கக்கூடும். அவ்வண்டிக்கும் பாரத நாட்டுக்கும் தொடர்பில்லை. அமெரிக்கப் பழங்குடியினரை ஐரோப்பியர் தவறாக அழைத்த பெயரே வண்டிக்கு இடப்பட்டது. 1922-இல் வெளிவந்த 'இந்தியன் சீஃப்' நெடும்பயணத்திற்குப் புகழ்பெற்றது. ஆயின் 1953-இல் ஸ்பிரிங்பீல்டில் அவ்வண்டி செய்வது நின்றுபோயிற்று.

அதன் பின் நேர்ந்தது தமிழர்க்குச் சுவையானது. பெயருரிமை பெற்ற நிறுவனம், 1955 முதல் சில ஆண்டுகள், இங்கிலாந்தின் ரெடிச் நகரில் செய்த ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு 'இந்தியன்' என்ற பெயரைப் பொறித்து அமெரிக்காவில் விற்றது. அதே 1955-இல் அதே ரெடிச் நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூடிச் சென்னை திருவொற்றியூரில் புல்லட் வண்டியை உருவாக்க வழிவகுத்தது. அமெரிக்காவில் இந்தியப் பெயர் தாங்கி ஓடியது ஆங்கில வண்டி. ஆங்கிலப் பெயர் தாங்கித் திருவொற்றியூரில் பிறந்தது தமிழர் கைபட்ட வண்டி. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் அந்நிறுவனம் 1970-இல் மறைந்தது. திருவொற்றியூர் வண்டியோ தொடர்ந்து ஓடிற்று. பெயரைக் கொண்டு பிறப்பை முடிவு செய்தல் கூடாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

போர் வந்த வழி

வணிகத்திற்கென அமைத்த வழியில் படையும் வரும். 1941 டிசம்பரில் மலாயாவின் வடகிழக்கே இறங்கிய ஜப்பானியர், பிரித்தானியர் செப்பனிட்டு வைத்த நல்ல சாலைகளிலேயே மிதிவண்டி ஏறித் தெற்கே விரைந்தனர். 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரித்தானியப் படை கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்தது. ஏறத்தாழ 70 அடி அகலத்துக்கு உடைப்பு ஏற்பட்டது. அது பகைவரைச் சில நாள்களே தடுத்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது; உடைப்பும் விரைவில் அடைக்கப்பட்டது.

அப்போரில் அமெரிக்க வண்டிக்கும் வியப்பான பங்கு உண்டு. ஹார்லி நிறுவனம் நேசநாட்டுப் படைகளுக்கு ஏறத்தாழ 90,000 வண்டிகள் செய்து கொடுத்தது. அதே வேளையில் ஜப்பானியப் படையிடம் 'ரிக்குவோ' என்னும் வண்டி இருந்தது. நிலத்தின் வேந்தன் என்பது அப்பெயரின் பொருள். 1930-களில் ஹார்லி நிறுவனம் உரிமையும் வரைபடமும் தந்து ஜப்பானில் செய்யவைத்த வண்டியே அது. ஒரே வரைபடத்தில் பிறந்த வண்டிகள் இரு பகைப் படைகளிலும் ஓடின. பொறிக்குப் பகையில்லை; பகை ஓட்டுவோனுடையது.

உட்லண்ட்ஸ் சாலையருகே கிராஞ்சியில் 1957-இல் திறக்கப்பட்ட போர் நினைவிடம் இருக்கின்றது. அதன் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 800 பேருக்கு அங்குத் தனி நினைவுச் சின்னமும் உண்டு. எல்லை நோக்கி விரையும் வண்டிகள் அதனைக் கடந்தே செல்கின்றன.

எல்லையான வழி

1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் தனிநாடானது. 1967-இல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரே சடக்காக இருந்தது இரு நாட்டுச் சாலையாயிற்று. சோதனைச்சாவடிகள் பெருகின. இன்றுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி 1999-இல் திறக்கப்பட்டது. 1994-இல் மலேசியாவின் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முற்றுப்பெற்றதும், ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லை வரை 772 கிலோமீட்டர் ஒரே ஓட்டமாகச் செல்ல வழி பிறந்தது.

அமெரிக்கச் சமவெளிக்கெனச் செய்த வண்டிக்கு இவ்வட்டாரத்தில் ஏற்ற களம் வாய்த்தது இவ்விரைவுச்சாலையில்தான். சிங்கப்பூர்த் தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரே. எலெக்ட்ரா கிளைடு போன்ற வண்டி அதற்குள் களிறு கொட்டிலில் நிற்பதுபோல் நிற்கும். அதனைத் தீவில் வைத்திருப்பதும் எளிதன்று. முதலில் 200 சிசி வரையிலான வண்டிக்கு உரிமம் பெற்று ஓராண்டு கழிய வேண்டும். பின் 400 சிசி வரையிலானதற்குப் பெற்று மற்றுமோர் ஆண்டு. அதன் பின்னரே பெருவண்டிக்குரிய உரிமம். 1990-இல் வந்த வாகன ஒதுக்கீட்டு முறைப்படி உரிமைச் சான்றிதழும் பெற வேண்டும். 2017 முதல், 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புக்கு நூறு விழுக்காடு கூடுதல் பதிவுக் கட்டணமும் உண்டு.

பழைய வண்டிகளுக்கு வேறொரு கெடுவும் வந்திருக்கின்றது. 2003 ஜூலைக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் முடிவுக்குப் பின் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடக்கூடாது என அரசு 2018-இல் அறிவித்தது. பழம்பெரும் வண்டிகளுக்கான தனித் திட்டங்களில் பதிவானவைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆயின் அவையும் ஆண்டில் வரையறுத்த நாள்களே ஓடலாம். புகை குறைய வேண்டும் என்பது இதன் காரணம். மக்கள் நெருங்கி வாழும் தீவில் அக்காரணத்தை மறுத்தற்கில்லை. எனினும் கைத்திறனும் நினைவும் கலந்த பொருள்கள் சில சாலையை நீங்கிக் காட்சிக்கூடம் புகும் என்பதும் உண்மையே.

பெருவண்டிக்குக் கடற்பாலமே ஒரு சோதனைதான். காற்றால் குளிரும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தால்தான் குளிரும். எல்லை நெரிசலில் வண்டி நின்று நின்று ஊரும்போது, முன் சிலிண்டரால் மறைக்கப்பட்ட பின் சிலிண்டர் கொதிக்கும். அவ்வெப்பம் ஓட்டுவோன் தொடையைச் சுடும். அவன் பக்கத்தில் 'கப்சாய்' என்று மலேசியர் வழங்கும் சிறுவண்டி வளைந்து நெளிந்து முன்னேறிவிடும்.

உண்மை நெடும்பயணி

அச்சிறுவண்டியின் முன்னோடி 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா கப். 50 சிசி எஞ்சினுடன் தொடங்கிய அவ்வகை, 2017-க்குள் பத்துக்கோடி எண்ணிக்கையைத் தாண்டிற்று. நாள்தோறும் வைகறை இருளில் ஜொகூரிலிருந்து பல்லாயிரக்கணக்கான சிறுவண்டிகள் உட்லண்ட்ஸை நோக்கி வருகின்றன. ஓட்டுவோர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்வோர்; மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அவருள் உண்டு. இரவில் அவர்கள் மீள்கின்றனர். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் எனக் கொண்டாலும், ஆண்டில் 300 நாள் செல்வோன் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகின்றான். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சென்று மீண்டு, மறுமுறையும் ஒருவழி செல்லும் தொலைவினும் இது மிகுதி. அவனைப் புகழ்ந்து நூல் எழுதினோர் இலர்.

பெருவண்டியில் வடக்கே புறப்படுவோனுடைய மகிழ்ச்சியை இதனால் குறைத்துக் கூறுவதற்கில்லை. நெடுவழி செல்லும் வேட்கை மனிதனுக்கு இயல்பானது. அதற்கெனச் செய்த நல்ல பொறி போற்றத்தக்கதே. ஆயினும் அப்பொறியின் வரலாறு மில்வாக்கியில் தொடங்கிச் சாலையில் முடிவதாக எழுதினால், அது பாதி வரலாறே ஆகும். கடற்பாலத்துக் கல், சடக்கின் தார், கூலி வரிசையில் நின்ற கைகள் ஆகியவையும் சேர்ந்தால்தான் அது நிறைவுறும்.

அதியமான் பெருவழிக் கல்லில் குழி குடைந்தவன் பெயர் தெரியவில்லை. எழுத்தறியாதவனுக்கும் தொலைவு தெரிய வேண்டும் என்ற அவன் எண்ணம் மட்டும் கல்லில் நிலைத்திருக்கின்றது. மலாயாச் சாலையில் கல்லுடைத்தோர் அப்படியொரு குழியையும் விட்டுச் செல்லவில்லை. 'சடக்கு' என்னும் ஒரு சொல்லையே விட்டுச் சென்றனர். அச்சொல்லும் வழக்கொழிந்து வருகின்றது. வகுப்பறையில் அதனை மாணவர்க்கு ஒருமுறை சொல்லிவைக்கும் ஆசிரியர், பெருவழியில் கல்லொன்று நாட்டியவர் ஆவார்.